ஒரு மொட்டையும் இரண்டு முடிச்சும்

எனக்கு யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. வந்த யோசனையை வைக்கத்தான் இடம் இல்லை. விளம்பர வாசகங்களை இந்தியிலிருந்து தமிழுக்கு மாற்றுவது என் பிழைப்பு. காலையிலிருந்து ஷாம்பு பாக்கெட்டுக்குக் கூந்தலின் வேர், நுனி என்று எழுதிக்கொண்டிருப்பேன். திடீரென்று தாராவியில் நான் வளர்ந்த சந்தில் நடந்த ஏதோ ஒன்று ஞாபகத்துக்கு வந்து, அடடா, இதைப் புத்தகத்தில் சேர்க்க வேண்டுமே என்று கை பரபரக்கும். கையில் கிடைத்ததில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். மருந்துக்கடைக் கவர், மின்சார பில்லின் பின்பக்கம், மாட்டுங்காவில் காபி குடித்த ஓட்டலின் காகித நாப்கின், எதுவானாலும் சரி. அந்தச் சட்டை வாஷிங் மெஷினுக்குள் போகும். புத்தகத்தின் முதல் அத்தியாயம் முழுக்க அப்படித்தான் பஞ்சு பஞ்சாகி என் பனியன்களில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"உங்க பொஸ்தகம் வெளிய வந்துட்டு" என்று என் மனைவி பால்கனியில் பனியனை உதறிக் காட்டினாள். செம்பூரில் எங்கள் கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

இதற்கு ஒரு வழி பண்ணியது என் அக்கா மகள். வாஷியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தமிழ் நன்றாகப் பேசுவாள், பாதிக்குப் பாதி இந்தி கலந்து. படிக்கச் சொன்னால், ஊருக்குப் போன இடத்தில் பஸ் போர்டையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் என் மேஜை டிராயரைத் திறந்து பார்த்து, "மாமா, யே க்யா கச்ரா ஹை?" என்றாள். குப்பை என்றதில் எனக்குக் கோபம்தான். ஆனால் அவள் என் லேப்டாப்பில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்ததும் கோபம் போய்விட்டது.

விஷயம் ரொம்பச் சுலபம். ஒரு யோசனைக்கு ஒரு குறிப்பு. ஒரு குறிப்பில் இன்னொன்றைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்தப் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். உடனே இரண்டுக்கும் நடுவில் இணைப்பு விழுந்துவிடும். அதை அழுத்தினால் அங்கே போகலாம். அங்கே போனால், யார் யாரெல்லாம் இங்கே வந்து போயிருக்கிறார்கள் என்று அதுவே கீழே காட்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படமும் உண்டு. குறிப்பு ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு கோடு. நிறைய இணைப்பு இருந்தால் புள்ளி பெரிதாகும்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சந்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பு போட்டேன். பொதுக்குழாய்க்கு ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று, எல்லா வீட்டுக்கும் போய்வந்த ஒரே ஏணிக்கு ஒன்று. ஏணியிலிருந்து ஒழுகும் கூரைக்கு, கூரையிலிருந்து மழைக்கு, மழையிலிருந்து நின்றுபோன ரயிலுக்கு, ரயிலிலிருந்து வராமல் போன சொந்தக்காரர்களுக்கு என்று கோடு இழுத்துக்கொண்டே போனேன். இரண்டு வருஷம் இழுத்தேன். புத்தகத்தில் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. ஆனால் படம் பிரமாதமாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஒட்டடை மாதிரில்லா இருக்கு" என்றாள். "அடிச்சு விட்டுரவா?"

அந்த ஒட்டடைக்கு நடுவில் இருந்ததிலேயே பெரிய புள்ளிக்கு நான் வைத்திருந்த பெயர் 'இரவல்'. புத்தகத்தின் உயிரே அதுதான் என்று நம்பியிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு தனியாக வந்து இறங்கியவர்கள் எங்கள் சந்தில் அதிகம். நல்லது கெட்டது என்று வந்தால் சடங்குக்கு இன்ன முறைக்காரர் நிற்க வேண்டும் என்று இருக்கிறதே, அந்த ஆள் ஊரில் இருப்பார். ரயிலில் டிக்கெட் கிடைத்து அவர் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். அதனால் உறவையும் இரவல் வாங்கினார்கள். ஏணி எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டிலிருந்தே சித்தப்பாவும் வருவார். நானே மீசை முளைக்கும் முன்னால் பல குழந்தைகளுக்குத் தாய்மாமனாக இருந்து மடியில் வைத்துக் காது குத்தியிருக்கிறேன். குத்தின நொடியில் குழந்தை அலறி என் டிரவுசரை நனைத்துவிடும். அந்தக் குழந்தைகளெல்லாம் இன்று ஆளுக்கு ஒரு கார் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தால் அடையாளம் தெரியாமல் போகிறார்கள்.

இப்படிப் புள்ளியும் கோடுமாக நான் சந்தோஷமாக இருந்த காலத்தில்தான் அக்கா மகள் என்னிடம் மட்டும் ஒரு விஷயத்தைச் சொன்னாள். அவளும், அவள் ஆபீஸிலேயே வேலை செய்யும் ஒரு பையனும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு பண்ணியிருந்தார்கள். பையன் வீடு மும்பையை அடுத்த கல்யாண் என்ற ஊரில். விசாரித்துப் பார்த்தால் அவன் அப்பா அம்மா ஒரு காலத்தில் எங்கள் சந்திலேயே இருந்தவர்கள். பையன் தவழ்கிற வயசில் கல்யாணுக்குக் குடி போய்விட்டார்கள். காதல் என்று சொன்னால் என் அத்தான், அதாவது அவளுடைய அப்பா, சாப்பிடாமல் படுத்துவிடுவார். அதனால் இரண்டு பேருமாகச் சேர்ந்து, காதும் காதும் வைத்த மாதிரி வேலை பார்த்து, இதைப் பெரியவர்கள் பேசி வைத்த கல்யாணமாக மாற்றிக்கொண்டு வந்தார்கள். பையனின் அம்மா தற்செயலாக ஒரு விசேஷ வீட்டில் இவளைப் பார்த்தது, தற்செயலாக ஜாதகம் கேட்டது, ஜாதகம் தற்செயலாக அங்கேயே ஒருத்தர் பையில் இருந்தது, எல்லாம் இவர்கள் ஏற்பாடு. இரண்டு வருஷ உழைப்பு.

"மாமா, பக்கா ப்ளான்" என்றாள். "நீங்க சும்மா இருந்தாப் போதும்."

பெண் பார்க்க வந்த அன்று நான் சும்மா இருக்கவில்லை. தாராவியில் எங்கள் சந்தை இடித்துக் கட்டிய கட்டடத்தில்தான் அக்கா வீடு. பையன், பையனின் அப்பா, அம்மா, ஊரிலிருந்து இதற்காகவே வந்திருந்த பெரியப்பா என்று நான்கு பேர் வந்தார்கள். பெரியப்பா முறை பார்ப்பதில் புலி. உட்கார்ந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல், யாருக்கு யார் என்ன வேணும் என்று விசாரித்து முடித்துவிட்டுத்தான் சொம்பைத் தொட்டார். கேசரி, வடை, மழை, ரயில் எல்லாம் பேசித் தீர்ந்தன. பேச்சு தொய்ந்தபோது அத்தான் பெருமையாக, "நம்ம சந்து கதை பூரா எங்க மாப்ள கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கான்" என்று என்னைக் காட்டினார்.

பெண் பார்க்கிற வீட்டுக்கு யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவார்களா? நான் போயிருந்தேன். அடுக்களை வாசலில் பட்டுச்சேலையோடு நின்ற மருமகள் என்னைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். லேப்டாப்பை டிவியில் மாட்டுகிற வயர் டிவிக்குப் பின்னால் இல்லை, பக்கத்து அலமாரியில் இருக்கிறது என்று சொல்கிறாளாக்கும் என்று நினைத்து அலமாரியைத் திறந்தேன். வயர் அங்கேதான் இருந்தது.

டிவியில் அந்தப் படம் வந்ததும் எல்லோரும் ஆ என்றார்கள். இத்தனை வருஷத்தில் என் ஒட்டடையைப் பார்த்து ஆ என்றவர்கள் அவர்கள்தான். நான் மயங்கிப்போனேன். "இதுல உங்க தம்பியும் இருக்காரு அண்ணாச்சி" என்று பெரியப்பாவிடம் சொல்லி, பையனுடைய அப்பாவின் புள்ளியை நானே அழுத்தினேன். எழுத்தெல்லாம் சினிமா டைட்டில் அளவுக்கு விரிந்தது. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார். எதிர் வரிசைக் கோலியில் குடியிருந்ததை, அதுதான் அந்த ஒற்றை அறையை, வாசித்தார். மில் வேலையை வாசித்தார். அடுத்த வரியில் வேகம் குறைந்தது.

"அத்தானின் தகப்பனார் இங்கே வந்த இடத்தில் இறந்தபோது, தம்பி ஸ்தானத்தில் நின்று நீர்மாலை எடுத்தார். மொட்டை போட்டுக்கொண்டார்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "எந்த மொட்டைலே?"

தம்பி கையிலிருந்த வடையின் ஓட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"மொட்டைத் தலையோட ஊருக்கு வந்தியே, முருகனுக்கு நேர்ச்சைன்னு சொன்னியே, அந்த மொட்டையா?"

"அண்ணே..."

"நம்ம அப்பா உசுரோட இருக்கையில இன்னொருத்தர் அப்பாவுக்கு மொட்டை போட்டியா?"

அக்கா கேசரித் தட்டோடு நடுவில் வந்து, "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா அண்ணாச்சி" என்றாள். யாரும் தட்டை நீட்டவில்லை. பெரியப்பாவுக்கு அதற்குள் அடுத்த கணக்கும் விளங்கிவிட்டது. பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருவதற்குப் பெயர் நீர்மாலை. அதைப் பிள்ளைகளும் பங்காளிகளும்தான் எடுப்பார்கள். எடுத்துத் தலையையும் மழித்துவிட்டால் அவன் பங்காளி. பங்காளியின் மகள் பையனுக்கு என்ன வேணும்?

"தங்கச்சி" என்றார் பெரியப்பா. "தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்து கேசரி தின்னுட்டு இருக்கோம். எந்திரிங்க எல்லாரும்."

பையன் வாயைத் திறந்து என்னவோ சொல்லப் பார்த்தான். பெரியவர்கள் கணக்கில் இன்று காலையில்தான் இந்தப் பெண்ணை முதல்முதலாகப் பார்க்கிறவன் என்ன சொல்ல முடியும்? செருப்பைத் தேடினான். அவர்கள் படியிறங்கிப் போனபிறகும் டிவியில் அந்த வரி அப்படியே நின்றுகொண்டிருந்தது. அத்தான் என்னைப் பார்த்து, "நல்லா ஏத்தின மாப்ளே" என்றார். அவர் அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

மருமகள் பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். "டிலீட் பண்ணுங்க மாமா" என்றாள். பண்ணினேன். இரண்டு புள்ளிக்கும் நடுவில் இருந்த கோடு மறைந்தது. "அவரு மண்டையில இருக்கிறத யாரு டிலீட் பண்றது?" என்று மறுபடியும் அழுதாள். தூக்கி வளர்த்த பிள்ளை. அவள் பிறந்தபோது நிஜத் தாய்மாமனாக, இரவலாக இல்லாமல், முதல்முதலாக என் மடியில் வாங்கினேன். அவள் வாழ்க்கையை நான் ஒரு டிவி வயரால் கெடுத்துவிட்டேன்.

கல்யாணிலிருந்து வந்த சேதியும் நல்லதாக இல்லை. தம்பி மகனுக்கு வேறு பெண் பேசி முடிக்காமல் ஊருக்கு ரயிலேற மாட்டேன் என்று பெரியப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். இரண்டு ஜாதகங்கள் வந்துவிட்டன. ஒரு பெண்ணின் போட்டோவும் வந்துவிட்டது. பையன் போட்டோவைப் பார்க்காமல் திருப்பி வைத்தானாம்; பெரியப்பா அதை எடுத்து நேராக வைத்தாராம்.

அடுத்த ஞாயிறு காலையில் மருமகள் செம்பூருக்கு வந்தாள். என்னோடு பேசவில்லை. என் லேப்டாப்போடு பேச வந்திருந்தாள். வேறு ஏதாவது வழியில் முறை வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். "ரூட் ஒண்ணு பிளாக் ஆனா வேற ரூட் இருக்கும்லா" என்றாள். அவளால் இத்தனை தமிழை வாசிக்க முடியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் புள்ளியும் கோடும்தான். ஒவ்வொரு புள்ளியாக அவள் தொட, நான் வாசித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். குழாய்ச் சண்டைகளும் கூரை ஒழுகலும் வந்தனவே தவிர, காரியத்துக்கு ஆகிற மாதிரி எதுவும் வரவில்லை. என் மனைவி அவளுக்கு இட்லி கொண்டுவந்து வைத்தாள், எனக்கு வைக்கவில்லை.

"இது யாரு மாமா, தனியா?"

திரையின் ஓரத்தில், ஒட்டடைக்கு வெளியே, ஒரு சின்னப் புள்ளி. எந்தக் கோடும் இல்லை. எழுதி வைத்துவிட்டு எதோடும் சேர்க்காமல் மறந்துபோன குறிப்பு. திறந்து வாசித்தேன்.

"அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் சொந்தத் தங்கை வந்து சேரவில்லை. மழையில் ரயில் கர்ஜத்தில் நின்றுவிட்டது. முகூர்த்தம் தப்பிவிடும் என்று, எதிர் வரிசைப் பெண் ஒருத்தி நாத்தனாராக நின்று தாலியின் மிச்ச இரண்டு முடிச்சையும் போட்டாள். பெயர் கேட்க வேண்டும்."

கேட்கவே இல்லை. முகூர்த்த நேரத்தில் நான் சர்பத்துக்கு ஐஸ்கட்டி வாங்க சயான் பக்கம் போயிருந்தேன். ஐஸ் பாதி கரைந்து நான் திரும்பி வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. அக்காவுக்குப் போன் பண்ணினேன்.

"என்னலே கேக்க? அவதான். கல்யாண்காரி. பொண்ணு பாக்க வந்த பையனோட அம்மா. அப்பம் அவளுக்கே கல்யாணம் ஆகல. உனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியாதுக்கா! அன்னைக்கே ஏன் சொல்லல?"

"எவன் கேட்டான்? நீதான் டிவியில படம் ஓட்டிக்கிட்டு இருந்த."

போனை வைத்துவிட்டு மருமகளைப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாத்தனார் முடிச்சு போடுகிறவள் மாப்பிள்ளையின் தங்கை, அப்படியானால் பையனின் அம்மா உன் அப்பாவுக்குத் தங்கை, உனக்கு அத்தை. அத்தை மகன் என்றால் வெறும் முறை இல்லை, உரிமையே உண்டு என்று மூச்சு வாங்காமல் சொன்னேன். அவள் கண் விரிந்தது. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, சதுர அடைப்புக்குள் அந்த அம்மாவின் பெயரை அவளே போட்டாள். ஓரத்தில் கிடந்த புள்ளி திரை முழுக்க ஓடிவந்து நடுக்கூட்டத்தில் ஒட்டிக்கொண்டது.

"சலோ மாமா" என்றாள். "கல்யாண்."

மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணே கிளம்பிப் போகிற வழக்கம் எங்களில் கிடையாது. லேப்டாப்பை இயக்க ஆள் வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிச் சமாளித்தோம். அத்தான் வர மாட்டேன் என்றுவிட்டார், அக்கா கூட வந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தண்டவாளத்தில் பராமரிப்பு வேலை, ரயிலில் மெகா பிளாக். குர்லாவில் வண்டி மாறி, நின்று நின்று, மூன்று பேரும் கசங்கிப்போய்க் கல்யாணில் இறங்கினோம்.

பெரியப்பா எங்களைப் பார்த்ததும் வாங்க என்று சொன்னார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. பையனின் அப்பா சுவரோரமாகச் சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பையன் மருமகளைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி நிற்க ரொம்பக் கஷ்டப்பட்டான். நான் லேப்டாப்பைத் திறந்து, கோட்டின் மேல் விரலை ஓட்டி, இரண்டு முடிச்சின் கதையைச் சொன்னேன். பெரியப்பா மறுக்கவில்லை. முறை என்று வந்துவிட்டால் அவர் பொய் பேசுகிற ஆள் இல்லை.

"முடிச்சு போட்டா நாத்தனார்தான். அது சரிதான்" என்றார். "ஆனா மொட்டை போட்டவன் பங்காளிதான். அதும் சரிதான். ரெண்டும் சரியா இருந்தா நான் என்னவே செய்யட்டும்?"

அப்போது பையனின் அம்மா காபித் தட்டோடு வந்தார். தட்டைக் கீழே வைக்காமலே நின்றார். அவர் முகத்தில் ஏதோ கணக்கு ஓடியது.

"அத்தான், எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் பெரியப்பாவிடம். "முடிச்சு போட்டதால நான் பொண்ணோட அப்பாவுக்குத் தங்கச்சி. மொட்டை போட்டதால இவிய அவியளுக்குத் தம்பி" என்று புருஷனைக் காட்டினார்.

"ஆமா."

"அப்பம் எனக்கும் இவியளுக்கும் என்ன முறை?"

சுவரோரமாக இருந்தவர் மெதுவாகத் தலையைத் தூக்கித் தன் மனைவியைப் பார்த்தார்.

"இத்தனை வருசம் கழிச்சு அண்ணன் தங்கச்சின்னு சொன்னா நான் எங்க போவேன் அத்தான்? எங்க அம்மா வீட்டையும் வித்தாச்சு" என்று சொல்லி அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். காபி டம்ளர்கள் தட்டில் கிணுகிணுத்தன. "மம்மீ!" என்று பையன் கத்தினான். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் லேப்டாப்பில் முகத்தை மறைத்துக்கொண்டேன். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. தன் தம்பியின் கல்யாணத்தை நடத்தி வைத்தவரே அவர்தான்.

சிரிப்பு அடங்கியதும் தம்பியிடம் கேட்டார், முதல் தடவையாகக் கோபமில்லாமல். "ஏன்லே அப்படிச் செஞ்ச?"

"என்னண்ணே செய்ய? அவரு தம்பி துபாய்ல இருந்தாரு, லீவு கிடைக்கல. பங்காளின்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. குழாய்லயும் தண்ணி நின்னுட்டு. டிரம்முல இருந்த தண்ணியக் குடத்துல மோந்து வச்சுக்கிட்டு அவரு ஒத்தையில நிக்காரு. ஒத்தையில நீர்மாலை எடுத்துட்டு எப்படி நடப்பாரு? நான் பாட்டுக்கு இன்னொரு குடத்தத் தூக்கிக்கிட்டேன். பொறவு நாவிதர் அவருக்கு முடிச்சுட்டு அடுத்து யாருன்னு கேட்டாரு. நான் உக்காந்துட்டேன். அப்பாவ நினைக்கல அண்ணே. சத்தியமா நினைக்கல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருஷமாக அந்தச் செய்தியை வைத்துக் கோடு இழுத்து விளையாடியவன் நான். அவர் அந்தக் குடத்தைத் தூக்கினபோது என்ன நினைத்தார் என்று ஒரு தடவைகூட அவரைக் கேட்டதில்லை.

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வே, உம்ம பெட்டியில தேதி இருக்கா? எது முந்தி?"

முடிச்சுதான் முந்தி. அதற்கடுத்து பையனின் அப்பா அம்மா கல்யாணம். மொட்டை அதற்கும் பிந்தி. பெரியப்பா வரிசையை விரல் விட்டுப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். முகம் தெளிந்தது.

"அப்பம் முதல்ல இவ அவருக்குத் தங்கச்சி ஆயிட்டா. பொறவு இவன் இவளக் கட்டுனான். தங்கச்சி மாப்பிள்ளை என்னைக்காவது பங்காளி ஆக முடியுமா? மச்சினன்தான் ஆவான். மச்சினன் போட்டா அது மொட்டையே இல்ல." தம்பியின் வழுக்கைத் தலையைப் பார்த்துச் சொன்னார். "கட்டிங்."

அது அவர் தம்பியை மன்னித்த விதம். பையனின் அப்பா எழுந்து போய் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். பையனும் மருமகளும் இன்னமும் முன்பின் தெரியாதவர்களாகவே எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா காபியை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சு" என்றார்.

கல்யாணம் சுனாபட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பையனுக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லை. நாத்தனாராக நிற்க வேண்டியது பெரியப்பாவின் மகள். அவள் மாசமாக இருந்ததால் டாக்டர் பிரயாணம் கூடாது என்று நிறுத்திவிட்டார். மேளம் உச்சத்துக்குப் போய்விட்டது. ஐயர் நாத்தனாரைக் கூப்பிடுங்கோ என்கிறார். ஆளைக் காணோம். பெரியப்பா கூட்டத்தைச் சுற்றிலும் பார்த்தார். மணப்பெண்ணுக்குப் பின்னால், மூக்கில் பெரிய நத்து போட்டுக்கொண்டு, மராட்டிக்காரி ஒருத்தி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் தோழி. வருஷா வருஷம் மாப்பிள்ளைக்கு ராக்கி கட்டுகிறவளும் அவள்தான் என்று நான் பெரியப்பாவிடம் சொன்னேன்.

"ராக்கி கட்டுதாளா? அப்பம் தங்கச்சிதான். மொபைல வாங்கி வச்சுட்டு மேல ஏறச் சொல்லு" என்றார் பெரியப்பா.

பையன் முதல் முடிச்சைப் போட, அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு மிச்ச இரண்டையும் இறுக்கமாகப் போட்டாள். இந்தக் கல்யாணத்துக்காகப் பட்ட பாடெல்லாம் அந்தக் கழுத்தில் போய் விழுந்ததைப் பார்த்து நான் வெட்கமில்லாமல் அழுதேன். என் மனைவி கைக்குட்டைக்காக என் சட்டைப்பைக்குள் கையை விட்டாள். பழைய மருந்துக்கடைக் கவர் ஒன்றுதான் இருந்தது. அதில் துடைத்துக்கொண்டேன்.

பந்தியில் பெரியப்பா என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பாயசம் வந்ததும் லேசாக என் விலாவில் இடித்தார்.

"ஏத்தியாச்சா?"

"எதை அண்ணாச்சி?"

"அந்த மராட்டிப் பிள்ளைய."

"இல்ல அண்ணாச்சி. பட்ட பாடு போதும். இனிமே யாரையும் எதுலயும் ஏத்துறதா இல்ல."

"நல்லா இருக்கே நீரு சொல்லுதது. நாத்தனார் முடிச்சு போட்டிருக்கா. நாளைக்கு அவ பிள்ளைக்கும் இவ பிள்ளைக்கும் முறை வரும். இப்பமே எழுதி வைக்காட்டி, பொறவு என்னைய மாதிரி எவனாவது வந்து இல்லைன்னு சொல்லிருவான்." அவர் இலையை மடித்தார். "எந்திரியும். போய் ஏத்தும்."

கையைக் கழுவிவிட்டுச் செல்போனை எடுத்தேன். அந்தப் பெண் வாசலில் தோழிகளோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் கல்யாணமே பேசவில்லை. பக்கத்தில் போய் நின்று, முதல் வேலையாக அவள் பெயரைக் கேட்டேன்.